ஆறடிக்கு நான்கடி

ஊர் வரலாறு எழுதி அனுப்பச் சொல்லி
ஒன்றியத்திலிருந்து தாள் வந்தது.
பலகை ஆறடிக்கு நான்கடி.
பத்து வரிக்குள் என்று சிவப்பு மையில் குறிப்பு.
சந்தை ரசீது கிழிக்கிறவன் நான்,
கையெழுத்து நன்றாயிருக்கும் என்று
என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

கொத்தப்பேட்டை.
கொத்த என்றால் தெலுங்கில் புதுசு.
புதுசுக்கு வயது முந்நூறு தாண்டிவிட்டது.
பழைய பேட்டை எங்கே என்றால்
ஆற்றைக் காட்டுகிறார்கள்.
ஆற்றில் மணல்கூட மிச்சமில்லை.

முதல் வரி சுலபமாக வந்தது:
கடலோர உப்பு மேற்கே ஏறியது,
மலைப் புளி கிழக்கே இறங்கியது,
இரண்டு பொதிமாடுகளும்
ஒரே குட்டையில் வாய் வைத்தன.
மாடு படுத்த இடம் ஊரானது.
ராஜா யாரும் கனவு காணவில்லை.

சுங்கக் கல்
மஸ்தானம்மாவின் கருவாட்டுக் கூடைக்கு அடியில் கிடக்கிறது.
கூடையை நகர்த்தி
ஈரச் சாக்கால் துடைத்துக் காட்டினாள்.
செதிலோடு செதிலாக எழுத்து.
மேலே தெலுங்கு: உப்புப் பொதிக்கு ஒரு படி.
கீழே தமிழ்: உப்புப் பொதிக்கு அரைப் படி.
கல்தச்சன் உளி தவறியதா,
கணக்கன் கை நீண்டதா,
தெரியவில்லை.
"அரைப் படி கட்றதுக்கோசரம்தான் சார்
அவங்க நம்ம எழுத்தைக் கத்துக்கினாங்க,
ஒரு படி வாங்கறதுக்கோசரம்
நம்மாளுங்க அவங்க எழுத்தை.
அதான் இந்த ஊரே இப்பிடி ரெண்டும் பேசுது."
இதைப் பலகையில் எழுத முடியாது.

தாது வருஷத்துக் கணக்குச் சுவடி ஒன்று
மணியக்காரர் வீட்டுப் பரணிலிருந்து வந்தது.
அந்த வருஷமும் ஒரு சனிக்கிழமைகூடத்
தவறாமல் கூடியிருக்கிறது சந்தை.
நெல்: இல்லை.
கேழ்வரகு: இல்லை.
எருமை: இல்லை.
கதவு நிலை: பதினேழு.
தாலிக்குண்டு: எடை போடவில்லை.
ஆள்:
அதற்கப்புறம் கரையான்.

அந்த ஓட்டையைப்
பத்து வரியில் எந்த வரியில் வைப்பது?

அறுபதில் எல்லைக்கோட்டை நகர்த்தினார்கள்.
சந்தை மேடை இந்தப் பக்கம் வந்தது,
மாட்டுத் திடல் அந்தப் பக்கம் நின்றது.
எருமைக்கு யாரும் தாக்கல் சொல்லவில்லை.
அது பாட்டுக்குக்
கொம்பை ஒரு மாநிலத்திலும்
வாலை இன்னொன்றிலும் வைத்து
அசை போடுகிறது.

தரகர் செங்கல்ராயனைக் கேட்டேன்,
நாற்பது வருஷமாகத் திடலில் நிற்கிறவர்.
அவர் விலையை வாயால் சொன்னதில்லை,
துண்டுக்கு அடியில் விரல் பிடித்துத்தான்.
அங்கே தமிழும் கிடையாது, தெலுங்கும் கிடையாது,
நகமும் கணுவும் வியர்வையும்.
"ஊரைப் பற்றி என்ன எழுதட்டும்?"
தோள் துண்டை எடுத்து
என் கைமேல் போட்டார்.
சுட்டுவிரலை முழுசாகப் பிடித்தார்.
விட்டார்.
அதே விரலில் பாதியைப் பிடித்தார்.
துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு
டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

முனிரத்தினம் பலகைக்கு மஞ்சள் அடித்துக்
காயவைத்துவிட்டான்.
"மேல எந்த பாஷை, கீழ எந்த பாஷை சார்?"
ஏழு வரி எழுதி அனுப்பினேன்.
ஏழையும் அடித்துவிட்டு
ஒரு வரி திரும்பி வந்தது:
புகழ்பெற்ற பழமையான சந்தை நகரம்
உங்களை அன்புடன் வரவேற்கிறது.
எழுதியதுபோக இரண்டடி மிச்சம்.
அதில் தாமரை வரையலாமா என்றான்.
தாமரை வேண்டாம், கட்சி என்பார்கள்,
புளியங்கொத்து போடு என்றேன்.

போன சனிக்கிழமை
மேற்கேயிருந்து வந்த புளி வண்டிக்காரன்
இருபது ரூபாய் ரசீதுக்குப்
பத்து ரூபாயை நீட்டினான்.
சில்லறை இல்லை என்றும் சொல்லவில்லை,
கெஞ்சவும் இல்லை.
கருவாட்டுக் கூடை இருந்த பக்கம்
ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.
வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.